புரொக்டர் அம்மா எழுதி வைத்த பயங்கள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: புரொக்டர் அம்மா, அவருடைய கிளாக்கர், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த துணைப் பதிவாளர், மூதூர் ஹாஜியார், நான். ஹாஜியாரின் லொறிச் சாரதி வாசல்படியில் நின்றார், ஆனால் உள்ளே கால் வைக்கவில்லை, ஆகவே அவரைச் சேர்க்கவில்லை. பின்னொரு நாள் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, "உறுதி முடித்த அன்று யார் யார் இருந்தீர்கள்?" என்று கேட்டால் நாக்குப் புரளக்கூடாதே என்று அன்றைக்கே பாடமாக்கி வைத்தேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பாடம் மட்டும் அழியவில்லை.

நாங்கள் நான்கு பேரும் கதிரையில் இருந்தோம். புரொக்டர் அம்மா நின்றார். நின்றார் என்பதும் சரியில்லை, நடந்தார். அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவே ஏழு அடி இருக்கும். அந்த ஏழு அடியில் போவதும் வருவதுமாக, இருபத்துமூன்று பிரிவுள்ள குத்தகை உறுதிப் பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை உரத்து வாசித்தார். மேசையில் அவருக்கு வைத்த தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. அவர் தேத்தண்ணீரைச் சூடாகக் குடித்து நான் கண்டதில்லை.

அவரிடம் புதிதாகப் போகிற எவரையும் "என்ன அலுவல்?" என்று கேட்க மாட்டார். "உங்களுக்கு என்ன பயம்?" என்றுதான் கேட்பார். நாள் கலண்டரில் கிழித்த தாள்களை எறியாமல் சேர்த்து வைத்திருப்பார். ஒரு தாளின் பின்பக்கத்தில் ஒரு பயம். ஒரே தாளில் இரண்டு எழுத மாட்டார். எழுதியதை மேசைக் கம்பியில் குத்திவிட்டு, திரும்ப நடக்கத் தொடங்கி, "வேறென்ன?" என்பார். சொல்ல வந்தவர் களைத்துப் போகும் வரைக்கும் "வேறென்ன?" கடைசியில் தாள்களைக் கம்பியிலிருந்து உருவி, சீட்டுக் கட்டைப் போல மேசையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்குவார். அதுதான் உறுதியின் பிரிவுகள். அடுத்த நாள் கிளாக்கர் அதை டைப் அடிப்பார்.

"எல்லாம் நல்லா நடந்தால் உறுதி அலுமாரிக்குள்ள கிடக்கும். கெட்டது நடக்கேக்கதான் தூசு தட்டி எடுப்பினம். அப்ப கெட்டதைத்தானே எழுதி வைக்கவேணும்?" என்பார்.

சீதன உறுதி எழுத வந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கிளாக்கர் அடிக்கடி சொல்லுவார். பெண்ணின் தகப்பனிடம் அம்மா வழமைபோலப் பயத்தைக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வெள்ளந்தி. மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே, "பெடியன் குடிப்பான் எண்டு" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். அம்மா நடையை நிறுத்தாமலே, "இருங்கோ ஐயா. உங்கட பயத்தையும் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றாராம். பெரியப்பா, "இவர் கிணத்தை எழுதித் தராமல் ஏமாத்திப்போடுவார் எண்டு" என்றாராம். இரண்டையும் எழுதிக் கம்பியில் குத்தினார். கல்யாணம் நடந்தது. பெடியன் குடித்தானா என்று நான் கேட்டேன். கிளாக்கர், "கிணத்துத் தண்ணியோ?" என்று சிரித்தார்.

அம்மா மீன்காரரைக் கூட விட மாட்டார். "உமக்கென்ன பயம்?" என்று அவரைக் கேட்க, "நீங்கள் இப்பிடிக் கதைச்சுக் கதைச்சே வாங்காமப் போயிடுவீங்கள் எண்டு" என்றாராம் மீன்காரர்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குப் பயம் உடம்போடு பிறந்தது. பூட்டிய கதவைப் பத்து அடி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். "நீங்கள் பூட்டையும் நம்புறேல்லை, திறப்பையும் நம்புறேல்லை" என்று என் மனைவி சொல்லுவா. அப்படிப்பட்டவனைத்தான் திருகோணமலை உட்துறைமுகக் கரையில் ஒரு கட்டடத்துக்குக் காவலாளியாகப் போட்டிருந்தார்கள்.

அது ஒரு பழைய வீடு. அதை ஒட்டிச் சாமான் அடுக்கும் பெரிய கிட்டங்கி, கிட்டங்கியிலிருந்து கடலுக்குள் நீட்டிய ஒரு மரப்பாலம். கிட்டங்கியின் பின்னால் சுவரோடு சாய்த்து இறக்கிய ஒரு பத்தி அறை. அதில் நானும் மனைவியும் இருந்தோம். ஒரு பெரியவர் சாகுமுன் எல்லாவற்றையும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்திருந்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் இங்கே எழுதவில்லை. எதற்கு வீண் வம்பு? விலங்கியல் படிக்கும் பெடியள் விடுமுறைக்கு வந்து, மரப்பாலத்தில் கட்டியிருக்கும் வள்ளத்தில் போய், நண்டும் மீனும் பிடித்து எண்ணிப் போத்தலில் போட்டுக்கொண்டு போவார்கள்.

எழுபதுகளில், பசிக்குப் பாண் வாங்க வரிசையில் நின்ற காலத்தில், அந்தப் போத்தலுக்கும் காசில்லாமல் போய்விட்டது. அரசாங்கம் தருவது போதாது, பல்கலைக்கழகம் தன் சொத்துகளை வைத்து உழைக்க வழி பார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாம். துணைப் பதிவாளர் வந்து கிட்டங்கியை அண்ணாந்து பார்த்தார்.

"இது சும்மா வௌவாலுக்குக் கிடக்குது. வாடகைக்கு விட்டால் என்ன?"

அதற்கு ஆள் ஏற்கனவே இருந்தார். மூதூர் ஹாஜியார் புல்மோட்டையிலும் இலங்கைத்துறையிலும் கருவாடு வாங்கி லொறியில் வெளியூர் அனுப்புகிறவர். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் கருவாட்டுக்காரருக்கு இடம் வாடகைக்கு விடலாமா, சட்டம் விடுமா என்று ஒருவருக்கும் தெரியாது. துணைப் பதிவாளர் ஹாஜியாரையும் என்னையும் கூட்டிக்கொண்டு புரொக்டர் அம்மாவிடம் போனார். உறுதி எழுதும் வழக்கறிஞருக்கு அப்போது புரொக்டர் என்று பெயர்; பிறகு சட்டம் மாறி எல்லோரும் சட்டத்தரணி ஆனபோதும் ஊர் அவரைப் புரொக்டர் அம்மா என்றேதான் சொன்னது.

அம்மா நன்கொடை உறுதியை வாங்கி, நடந்துகொண்டே வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு நடந்தார்.

"இந்த வரியைப் பாத்தனீங்களோ? ஒரு வருஷத்தில ஒருக்காவாவது மாணவர் வந்து இதில படிக்கவேணும். இல்லாட்டில் வீடு, கிட்டங்கி, பாலம், எல்லாம் பெரியவற்ற மருமகனுக்குத் திரும்பிப் போகும்."

துணைப் பதிவாளர் அதைப் பார்க்கவில்லை. நான் அந்தக் கணமே கணக்குப் போட்டேன். திரும்பிப் போனால் என் வேலை போகும், அறையும் போகும்.

"வியாபாரம் செய்யப் பல்கலைக்கழகத்துக்கு ஏலாது. தன்ர இடத்தைக் குத்தகைக்கு விட ஏலும்," என்றார் அம்மா. "ஆனால் வீடு பெடியளுக்கே இருக்கவேணும். கிட்டங்கி மட்டும் ஹாஜியாருக்கு. வாடகைக் காசு பெடியளின்ர படிப்புச் செலவுக்கு மட்டும்தான், வேற ஒண்டுக்கும் தொடக்கூடாது. அப்பதான் முழு இடமும் படிப்புக்குப் பயன்படுது எண்டு நாங்கள் நிண்டு சொல்லலாம். சரி, உங்களுக்கு என்ன பயம்?"

துணைப் பதிவாளருக்குக் கணக்காய்வுக்காரரைப் பயம். ஒரு தாள். ஹாஜியாருக்கு வாடகையைக் கூட்டிவிடுவார்கள் என்று பயம். ஒரு தாள். "வேறென்ன?" என்றதும் ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இந்தப் புள்ளைகள் ஆமை, பாம்பு எல்லாம் புடிச்சு வந்து என்ர கருவாட்டுக்குப் பக்கத்தில கட்டுவாங்க அம்மா" என்றார். துணைப் பதிவாளர் சிரித்தார். அம்மா சிரிக்காமல் எழுதினார். உறுதியில் அது ஆறாம் பிரிவு.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ."

என்னை ஒருவரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. தீ என்றேன். புயல் என்றேன். கிட்டங்கிப் பூட்டுக்கு இரண்டு திறப்பு இருந்தால் களவுக்கு யார் பொறுப்பு என்றேன். கருவாட்டுக்கு வரும் பூனை, பூனைக்கு வரும் நாய். ஓட்டுக்கூரை. லொறி பின்னுக்கு எடுக்கையில் மதில். வாடைக்காற்றில் பெடியள் பாலத்தில் ஏறி வழுக்கி விழுந்தால். சொல்லச் சொல்லப் பதினொரு தாள் கம்பியில் ஏறிவிட்டது.

துணைப் பதிவாளருக்குப் பொறுமை போய்விட்டது. "இதென்ன குத்தகை உறுதியோ, வாச்சர் காணுற கெட்ட கனவோ?"

"ரெண்டும் ஒண்டுதான்," என்றார் அம்மா. என்னைப் பார்த்து, "இதெல்லாம் கட்டடத்தின்ர பயம். உங்கட பயம் என்ன?" என்றார்.

"எனக்கொண்டும் இல்லை அம்மா."

என் அறையைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. பல்கலைக்கழகத்து உறுதிக்குள் என் பானை சட்டியை எப்படிக் கொண்டுபோய் வைப்பது? அம்மா ஒரு வெறுந்தாளை எடுத்து, ஒன்றும் எழுதாமலே கம்பியில் குத்தினார். "அது கிடக்கட்டும்."

உறுதி முடிந்தது. முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. வாடகை வந்தது, போத்தல் வந்தது, ஆவணியில் பெடியள் வந்தார்கள்.

இரண்டாம் வருடம் பல்கலைக்கழகம் ஏதோ பிரச்சினையில் மாதக் கணக்காக மூடிக் கிடந்தது. பெடியள் வந்தபோது மார்கழியின் கடைசி வாரம். பதினொரு பெடியளும் ஒரு விரிவுரையாளரும். வாடை அடித்து ஊற்றுகிறது, பாலத்துப் பலகைகள் துள்ளுகின்றன. விரிவுரையாளர் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வள்ளத்துக்குப் போக வெளிக்கிட்டார். நான் உறுதியின் பிரதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பாலத்துக்குக் குறுக்கே நின்றேன்.

"ஏலாது ஐயா. பதினேழாம் பிரிவு. வாடைக்காற்று மாதத்தில மாணவர் ஒருத்தரும் பாலத்தில ஏறக்கூடாது. தடுக்கிறது காவலாளியின்ர கடமை எண்டு எழுதிக்கிடக்கு."

"அப்ப நாங்கள் என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? மழை பாக்கவோ?"

நான் விலகவில்லை. பாலத்தடியில் ஹாஜியார் திறந்துவிட்ட கிட்டங்கிக்குள் மத்தியானம் வரை மழைக்கு ஒதுங்கி நின்றுவிட்டு, வள்ளத்தில் கால் வைக்காமலே, பின்னேர ரயிலுக்குப் போய்விட்டார்கள். போகும்போது ஒரு பெடியன் என்னைப் பார்த்து, "அண்ணை, உங்களைத்தான் போத்தலுக்குள்ள போட்டுப் படிக்கவேணும்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவரும் விழவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

தை மாதம் கொழும்பிலிருந்து சட்டத்தரணி ஒருவரின் கடிதம் வந்தது. சென்ற வருடம் வந்த மாணவர்கள் காவலாளியினால் திருப்பி அனுப்பப்பட்டார்கள், படிப்பு நடக்கவில்லை, ஆகவே சொத்தை மருமகனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று. செய்தி எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. துணைப் பதிவாளர் கடிதத்தை எனக்கே அனுப்பி, கீழே சிவப்பு மையில், "இது உமது வேலை" என்று எழுதியிருந்தார்.

குடையை மறந்து புரொக்டர் அம்மாவிடம் ஓடினேன். அம்மா கடிதத்தை வாசித்தபடி நடந்தார்.

"பெடியளைத் தடுத்தது ஆர்?"

"நான்தான்."

"ஏன்?"

"நீங்கள் எழுதினீங்கள் அம்மா. பதினேழாம் பிரிவு."

"நான் எழுதினனான். ஆரின்ர பயம் அது?"

"என்ரை."

அப்போது அவர் போய்க் கதிரையில் இருந்தார். என் சீவியத்தில் அவர் கதிரையில் இருந்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான். கோர்ட்டுக்குப் போகும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தார். நடக்கிறவரே இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணினேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அம்மா, என்ர அறை போயிடும். எங்களுக்கு வேற இடமில்லை."

அவர் எழும்பி, அலுமாரியைத் திறந்து, எங்கள் உறுதியின் கட்டை எடுத்தார். பழைய கலண்டர் தாள்கள் அதற்குள் ஊசியால் குத்திக் கிடந்தன. அந்த வெறுந்தாளைத் தேடி எடுத்து, நான் சொன்னதை எழுதினார். பிறகு நடக்கத் தொடங்கினார்.

"இப்ப சரி. பெடியள் வந்தாங்கள் எண்டதுக்கு உங்களிட்ட என்ன இருக்கு?"

"நாள் கொப்பி இருக்கு."

"அதில என்ன எழுதினீங்கள்?"

சொல்ல வெட்கமாக இருந்தது. பெடியள் கிட்டங்கிக்குள் நின்ற நேரத்தில் ஹாஜியாரின் கருவாட்டில் ஏதும் குறைந்தால் பழி என் தலையில்தானே விழும்? அதனால் அவர்கள் உள்ளே என்ன செய்தார்கள் என்று விரிவுரையாளர் கையாலேயே எழுத வைத்து, பன்னிரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தேன். அந்த விரிவுரையாளர் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். மழை விடும்வரை பெடியளைச் சாக்குகளுக்கு முன்னால் நிறுத்தி, கருவாட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, செதிலையும் செட்டையையும் எண்ண வைத்திருந்தார். கொப்பியில் இப்படி இருந்தது: "காலை ஒன்பது முதல் பிற்பகல் ஒரு மணி வரை கிட்டங்கியினுள். பத்தொன்பது வகை மீன்களை இனங்கண்டு படித்தோம். ஒரு துண்டும் எடுத்துச் செல்லவில்லை."

அம்மா ஏழு அடியை ஐந்து தரம் நடந்திருப்பார். பிறகு சிரித்தார். அவர் சிரித்தால் தோள்தான் சிரிக்கும், சத்தம் வராது.

"ஒரு பயத்தால கெடுத்துப்போட்டு, மற்றப் பயத்தால காப்பாத்தியிருக்கிறீங்கள்."

இரண்டு கிழமையில் மருமகனும் அவருடைய சட்டத்தரணியும் வந்தார்கள். ஹாஜியாரும் வந்திருந்தார். அம்மா கொப்பியின் பக்கத்தை நடந்து நடந்து வாசித்தார்.

"கருவாட்டைப் பாக்கிறதும் படிப்போ?" என்றார் கொழும்புச் சட்டத்தரணி.

"சொல்லிக் குடுக்க ஆள் இருந்தவர். எழுதப் பெடியள் இருந்தவை. நாலு மணித்தியாலம். படிப்பெண்டால் வேறென்ன?"

ஹாஜியார் குறுக்கிட்டார். "அண்டைக்கு அந்தப் படிப்பிக்கிற சேர் என்ர கட்டாக் கருவாட்டுக்கு ஒரு பேர் சொன்னார் பாருங்க, இம்மாம் பெரிய சீமைப் பேர். அந்தப் பேரைச் சொல்லி வித்தா விலையையும் கூட்டலாம்போல இரிக்கு."

கொழும்புச் சட்டத்தரணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருமகன் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும், பேசாத மனிதர். அம்மா அவர் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, உங்களுக்கு என்ன பயம்?"

அவருடைய சட்டத்தரணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருமகன் கையால் தடுத்தார். "மாமாவின்ர வீட்டை இப்ப ஊரில என்னெண்டு சொல்லுறாங்கள் தெரியுமோ? கருவாட்டுக் கிட்டங்கி எண்டு. அந்த மனுசன் பெடியள் படிக்கவேணும் எண்டுதான் குடுத்தவர். அவற்ற பேரே இல்லாமப் போயிடும்" என்றார்.

அம்மா கலண்டர் தாளை எடுத்தார். முன் மதிலில் பெரியவரின் பெயர் பதித்த கல் ஒன்று வைப்பது, கல்லின் செலவு ஹாஜியாருடையது, வருடத்துக்கு ஒரு தடவை மருமகன் வந்து பார்க்கலாம், வழக்கு இல்லை. வாடைக்காலத்தில் பெடியள் வந்தால் வீட்டுக்குள்ளேயே படிக்கலாம் என்று பதினேழாம் பிரிவுக்கு ஒரு வால். காவலாளி பின்னறையில் இருப்பார் என்று ஒரு வரி. அந்த வரியை வாசிக்கும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கெல்லாம் புரொக்டர் அம்மா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பில் இருநூற்று நாற்பது ரூபா. ஒரு வருடம் கழித்து நூற்றைம்பது வந்தது. துணைப் பதிவாளர் மாறிப் போனார். புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. நான் மாதம் ஒரு தபால் அட்டை எழுதினேன். மூன்றாம் வருடம் ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். வாடகை நிதியிலிருந்து மிகுதியைத் தர முடியாதாம், ஏனென்றால் குத்தகை உறுதியின் ஒன்பதாம் பிரிவின்படி அந்தக் காசை மாணவர் படிப்புக்கு மட்டுமே செலவிடலாமாம். வேறு நிதி ஒதுக்கீடு இல்லையாம்.

அம்மாவின் தோள் குலுங்கியது. "ஒன்பதாம் பிரிவை ஆர் எழுதினது?"

"நீங்கள்தான் அம்மா."

"நல்லாத்தான் எழுதியிருக்கிறன். எனக்கே திறக்குதில்லை."

எல்லோரிடமும் கேட்கிறவரிடம் ஒருவரும் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அம்மா, அப்ப உங்களுக்கு ஒரு பயமும் வரேல்லையோ?"

"ஏன் வரேல்லை? பல்கலைக்கழகம் காசு தராது எண்டு முதல் நாளே பயந்தனான்."

"பிறகு ஏன் அதை எழுதேல்லை?"

யன்னல் வரை போய்த் திரும்பினார். "எழுதினால் அந்த வாடகையில கை வைக்க வாசல் திறந்து விட்டமாதிரி. முதல் நான் எடுப்பன். பிறகு ஒருத்தர் காருக்கு எண்ணெய் அடிக்க எடுப்பார். பிறகு ஒருத்தர் விருந்துக்கு எடுப்பார். கடைசியில பெடியளுக்கு வெறும் போத்தல்தான் மிஞ்சும். போத்தலும் மிஞ்சாது."

மிச்சத்தை நான் மாதாமாதம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றேன். "இது உங்கட கடன் இல்லை. அதுக்கும் சேர்த்துப் பயப்படாதேங்கோ" என்றார்.

எண்பதுக்குப் பிறகு ஒருநாள் போனபோது அவருடைய பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித்துளைதான் இருந்தது. மகளிடம் போய்விட்டார் என்றார் ஒருவர். வேறு ஊர்க் கோர்ட்டுக்குப் போய்விட்டார் என்றார் இன்னொருவர். கிளாக்கரையும் காணவில்லை. எங்கே போனாலும் ஏழு அடி இடம் கிடைத்திருக்க வேண்டுமே என்று எனக்கு யோசனை. அதற்குப் பிறகும் நான் பல்கலைக்கழகத்துக்கு அட்டை எழுதுவதை நிறுத்தவில்லை. கடைசியாக வந்த பதில், "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது." அவர்கள் தந்தாலும் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது இன்னொரு பயம். அதையும் ஒரு கலண்டர் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

தர வேண்டிய மிகுதி, தொண்ணூறு ரூபா.